என் வாயில் இருந்த உன் சத்தம்

சூட்டி, என் குஞ்சு,

உன் இரண்டாவது நினைவுநாளுக்குப் பத்திரிகையில் போட உன் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே இருந்த பெடியன் நல்ல பிள்ளை. "அக்கா, படத்துக்குக் கீழ போடக் கவிதை எங்களிட்டயே கிடக்கு. பேரை மட்டும் மாத்தினாச் சரி" என்று வாசித்தும் காட்டினான். அதில் உன்னை அணையா விளக்கு என்று போட்டிருந்தது. நீயோ லைட்டை அணைக்காமல் படுத்து என்னிடம் ஏச்சு வாங்கினவள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கவிதை வேண்டாம் தம்பி, நானே எழுதித் தாறன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். ஊருக்குக் கடிதம் எழுதுவதென்றாலும் நான் சொல்லச் சொல்ல நீதான் எழுதுவாய். நான் சொல்லாததையும் சேர்த்து எழுதுவாய். இப்போது உனக்கு எழுத நான் யாரைப் பிடிப்பது? பிழை கிடந்தால் சிரிக்காதே.

முதலில் பிள்ளையைத்தான் கேட்பாய். சுகமாக இருக்கிறாள். மெலனி என்று எழுதுகிறேன், அது நீ வைத்த பெயர் இல்லை. நாளைக்கு வளர்ந்து இதை வாசித்தால் எனக்கு ஏசக்கூடாது என்றுதான் மாற்றியிருக்கிறேன். பொம்மைகளோடு பிரெஞ்சில் கதைக்கிறாள். என்னோடு கோபம் வந்தால் மட்டும் நல்ல தமிழ் வருகிறது. உன் மனுசன் அன்ரன் இன்னும் லொறிதான் ஓடுகிறான். துறைமுகத்தில் பெட்டியை ஏற்றிக்கொண்டு ரொறன்ரோ பக்கம் போனால் சனிக்கிழமைதான் முகத்தைக் காண்பது. ஆள் மெலிந்துபோனான். கேட்டால் டயற் என்கிறான். டயற்றில் இருக்கிறவன் ஏன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்?

நான் எழுத வந்தது வேறு விஷயம். நீ போன கையோடு உன் பிள்ளை படுக்கையில் மூத்திரம் பெய்யத் தொடங்கினாள். இதையெல்லாம் பத்திரிகையில் எழுதுவதா என்று அன்ரன் கேட்டான். ஏன் எழுதக்கூடாது? எங்கள் சனத்தில் எத்தனை வீட்டுப் பல்கனியில் மெத்தை காய்கிறது. ஒருவரும் கதைப்பதில்லை. சாம்பார் ஊற்றுப்பட்டது, தேத்தண்ணி கவிழ்ந்தது என்று ஒரு பொய். அவர்களும் வாசிக்கட்டும்.

நீ இருக்கும்போதே அவளை நல்லாகப் பழக்கிவிட்டாய். இரண்டு வயதிலேயே நப்பியைக் கழற்றி எறிந்துவிட்டாய். மாதா கோயிலுக்குப் போனால் பூசை முடிய முன்னமே வாசலில் நின்று அந்தப் புளுகம்தான். "என்ர பிள்ளை இரவிலயும் காய்ஞ்சபடிதான்." நான் அப்போது வேறு வீட்டில் இருந்தேன். எப்படிப் பழக்கினாய் என்று பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை. பிள்ளை பெறாதவளுக்கு அதெல்லாம் எதற்கு என்று நானே நினைத்திருப்பேன்.

நீ போன பிறகு அவளுடைய உடுப்புப் பையோடு அவளும் என் வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து படுக்கை நனைந்தது. ஒரு நாள் விடாமல் நனைந்தது.

என் வேலை உனக்குத் தெரியும்தானே. டவுன்டவுன் ஹோட்டல்களின் படுக்கை விரிப்பெல்லாம் எங்கள் லோண்ட்ரிக்குத்தான் வருகிறது. நாள் முழுக்க ஆவிப் பெட்டிக்கு முன்னால் நின்று ஊரார் விரிப்பை அழுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் இவளுடைய விரிப்பு. ஒரே மணம், ஒரே ஈரம். மெத்தையை நிமிர்த்தி வைத்து, மெத்தைக்கு மேல் போட்ட பிளாஸ்ரிக்கைத் துடைத்து, நிலவறையில் இருக்கிற மெசினுக்குப் போனால் அங்கே வேறு யாருடையவோ உடுப்பு சுற்றிக்கொண்டிருக்கும். படியில் இருந்து காத்திருப்பேன். அந்தப் படியிலேயே நித்திரையாகிப் போன நாளும் உண்டு.

எல்லாம் செய்து பார்த்தேன். பின்னேரத்துக்குப் பிறகு தண்ணீர் கொடுக்காமல் விட்டேன், பாவம், குளிக்கும்போது குழாய்த் தண்ணீரைக் களவாகக் குடித்தாள். எள்ளுருண்டை கொடுத்தால் நிற்கும் என்று கோயிலில் சொன்னார்கள். கொடுத்தேன். டப்பாவோடு சாப்பிட்டு முடித்துவிட்டு, மற்ற நாளைவிடக் கூட நனைத்தாள். டொக்டரிடம் கொண்டுபோனேன். உடம்பில் ஒரு குறையும் இல்லை, தாயை இழந்த பிள்ளை, பொறுமையாக இருங்கள் என்றார். நல்ல மனுசன், சரியாகத்தான் சொன்னார். பொறுமை எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்க எனக்குத்தான் பிரெஞ்சு வரவில்லை.

படுக்கப் போகும் நேரம் அழுவாள். உன்னைக் கேட்டு அழுவதுமில்லை, சும்மா அழுவாள். மேல்வீட்டுக்காரன் காலால் தரையை இடிப்பான். நான் அவளை நெஞ்சோடு அணைத்து, "ஷ்ஷ்ஷ்ஷ்..." என்று காதுக்குள் சொல்லுவேன். உடனே அடங்கிவிடுவாள். நித்திரையிலும் முனகினால் மறுபடி அதே சத்தம்.

அதை நான் பழகியது ஆஸ்பத்திரியில். உன்னுடைய மூச்சு நின்ற அன்றைக்கு நாங்கள் பெரியாக்களெல்லாம் குழறிக்கொண்டு நின்றோம். பிள்ளையைக் கவனிக்க ஒருவருக்கும் கை வரவில்லை. ஒரு வெள்ளைக்கார நேர்ஸ்தான் அவளைத் தூக்கித் தோளில் போட்டு, நடைபாதையில் மேலும் கீழுமாக நடந்து, அந்தச் சத்தத்தை நீட்டி நீட்டிப் போட்டாள். பிள்ளை அடங்கிப்போனாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த ஊரில் இப்படித்தான் பிள்ளையை ஆற்றுவது என்று மனதில் போட்டு வைத்துக்கொண்டேன்.

இப்படியே ஒரு வருடம் போனது. நான் அலுத்துப்போனேன், சூட்டி. உன்னை நினைத்து அழுவதற்கே எனக்கு நேரமில்லாமல் போனது என்றால் நம்புவாயா?

அன்ரனின் தமக்கை கிளாரா மச்சாளுக்கு நகரத்துக்கு வெளிப்பக்கம் பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு இருக்கிறதுதானே. புல்லுவெளி, பிள்ளைகளுக்குத் தனித்தனி அறை, எல்லாம் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் மெலனி பள்ளிக்கூடம் தொடங்க வேண்டும், அதற்கு முன் தன்னிடம் அனுப்பிவிடச் சொல்லி அன்ரனிடம் கேட்டாவாம். ஒரு சனிக்கிழமை அவன் குசினியில் இருந்து சோற்றைப் பிசைந்தபடி என்னிடம் சொன்னான்.

"அக்கா, நீங்களும் களைச்சுப் போனியள். அங்க விட்டா அவளுக்கும் விளையாட ஆக்கள் இருக்கு."

"மச்சாளுக்குப் படுக்கை விஷயம் தெரியுமே?"

"தெரியும். 'நான் மூண்டு பிள்ளை வளத்தனான், ஒரு கிழமையில நிப்பாட்டிக் காட்டுறன்' எண்டு சொல்லுறா."

"எப்படி நிப்பாட்டுவாவாம்?"

அவன் மறுபடி சோற்றைப் பிசைந்தான். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். கிளாரா மச்சாள் கெட்டவ இல்லை, ஆனால் பிள்ளைகளுக்கு அடிக்கக் கை நீளும். தெரிந்துகொண்டும் நான், "சரி, கூட்டிக்கொண்டு போ. எனக்கு இனி ஏலாது" என்று சொன்னேன். மனம் வந்து சொல்லவில்லை. களைப்புத்தான் சொன்னது.

பிள்ளை அறைக்குள் பொம்மையோடு இருக்கிறாள் என்றுதான் நினைத்தோம். கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள்.

அடுத்த நாள் விடிய வேலைக்குப் போக எழும்பி முகம் கழுவப் போனேன். குளிக்கிற தொட்டிக்குள் உன் பிள்ளை படுத்திருக்கிறாள். தலையணையைக் கொண்டுவந்து வைத்து, துவாயை விரித்து, சுருண்டு கிடக்கிறாள். நான் வைத்த கூச்சலில் எழும்பி இருந்தாள்.

"என்னடி இது, ஏன் இங்க வந்து கிடக்கிறாய்? குளிர் பிடிக்கப் போகுது!"

"சே கொரெக்ட், பெரியம்மா." பரவாயில்லை என்று பிரெஞ்சில் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். "இங்க நனைஞ்சாத் தண்ணியத் திறந்துவிட்டாப் போயிடும். நீங்க தோய்க்கத் தேவையில்ல. நான் ஒவ்வொரு நாளும் இங்கயே படுக்கிறன்."

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "இப்ப நான் அத்தை வீட்ட போகத் தேவையில்லைத்தானே?"

உனக்கு இதை எழுத வேண்டுமா என்று நாலு தரம் யோசித்தேன். எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிப் போகும். நான் அவளைத் தூக்கித் துடைத்து உடுப்பு மாற்றினேன். போகத் தேவையில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. போக வேண்டும் என்று சொல்லவும் வரவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை, அரை நாள். முடித்துக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு பின்னேரத் தமிழ்ப் பூசைக்குப் போனேன். நேர்த்தி வைக்கவெல்லாம் இல்லை. கொஞ்ச நேரம் கோயில் வாங்கில் சாய்ந்து இருக்கலாமே என்றுதான்.

சுவாமி பிரசங்கம் தொடங்கினார். மெலனி என் மடியில் நித்திரையாகிப் போனாள். பக்கத்தில் திரேசாக்கா. உனக்குத் தெரியும்தானே அவவை, என்னோடு லோண்ட்ரியில் நிற்கிறவ, கோயிலுக்குள்ளும் வாய் நிற்காது. எங்களுக்குப் பின்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெட்டை, இங்கே பிறந்து வளர்ந்தவள், கையில் மூத்தது ஒன்று அழுதுகொண்டிருந்தது. அவள் அதை ஆட்டி ஆட்டி, "ஷ்ஷ்ஷ்ஷ்..." என்று நீட்டினாள்.

என் மடி சுட்டது. பார்த்தால் சீலையெல்லாம் ஈரம். பிள்ளை நித்திரையில்தான் இருக்கிறாள்.

திரேசாக்கா என் சீலையைப் பார்த்தா. பிள்ளையைப் பார்த்தா. திரும்பி அந்தப் பெட்டையைப் பார்த்தா. பிறகு என் காதுக்குள் சொன்னா:

"பின்னால நிண்டு ஒருத்தி ஒண்டுக்கிருத்திற சத்தம் போட்டா இவள் பாவம் என்ன செய்வாள்? நானே அடக்கிக்கொண்டெல்லோ இருக்கிறன்!"

பகிடிக்குத்தான் சொன்னா. நான் சிரிக்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது.

எங்கள் தாய்மார் குழந்தையைக் காலில் இருத்தி ஒன்றுக்குப் பழக்கும்போது போடுகிற சத்தம் அல்லவா அது! உதட்டைக் குவித்து, தண்ணீர் ஓடுவது மாதிரி, நீட்டி. அதைக் கேட்டால் பிள்ளைக்குத் தானாக வரும். சத்தத்தை நிற்பாட்டச் சொல்வதென்றால் நாங்கள் "உஷ்" என்று வெட்டிச் சொல்வோம், அது அதட்டல். நீட்டினால் வேறு. எனக்குத் தெரியாத விஷயமா? ஊரில் எத்தனை வீட்டு முற்றத்தில் கேட்டிருப்பேன். நீ உன் பிள்ளையை அந்தச் சத்தத்தால்தான் பழக்கியிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்காரி போட்டாள் என்றதும் அது வேறு சத்தம் என்று என் புத்தி எடுத்துக்கொண்டது.

நித்திரைக்குப் போகிற பிள்ளையின் காதில் ஒவ்வொரு நாளும் நான், பெய், பெய் என்று சொல்லியிருக்கிறேன். அவள் சொல்வழி கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான்.

அந்த ஈரச் சீலையோடு முழுப் பூசையும் இருந்தேன். திரேசாக்கா தன் சால்வையைத் தந்தா. "ஏன் இப்பிடி அழுறாய், மூத்திரந்தானே, தோய்ச்சாப் போகும்" என்றா. நான் ஏன் அழுகிறேன் என்று அவவுக்கு அங்கே வைத்து எப்படி விளங்கப்படுத்துவது?

அன்றைக்கே அந்தச் சத்தத்தை நிற்பாட்டினேன். லேசாக நிற்கவில்லை. பிள்ளை அழத் தொடங்கினால் என் உதடு தானாகக் குவியும், கையால் பொத்துவேன். பதிலுக்கு முதுகைத் தடவி "ம்ம், ம்ம்" என்று மூக்கால் முனகினேன். "பெரியம்மா, மாடு மாதிரிக் கத்துறீங்க" என்றாள். கத்திவிட்டுப் போகிறேன். பகலில் அவளை விடுகிற பிள்ளைக் காப்பகத்தில், கார்டெரியில், மத்தியானம் பிள்ளைகளைப் படுக்க வைக்கிற ரீச்சரிடம் அன்ரனை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவளும் அதே சத்தம்தானே போடுவாள். முதலில் சிரித்தாளாம். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, இனி இவளுக்கு நான் பாட்டுப் பாடுகிறேன் என்றாளாம்.

சத்தத்தை வீட்டை விட்டுத் துரத்தவும் எனக்கு மனமில்லை. அதற்குரிய இடத்தில் வைத்தேன். படுக்க முன்னம் கக்கூசில் இருத்தி, முன்னால் குந்தியிருந்து, நீட்டிப் போடுவேன். விடிய எழும்பியதும் ஒருக்கால். வந்துவிடும். முதல் கிழமை ஒன்றும் மாறவில்லை. இவ்வளவு நாள் பழகியதல்லவா, நான் நிற்பாட்டினாலும் உடம்பு நிற்பாட்ட வேண்டுமே. பிறகு ஒரு நாள் விடிய விரிப்பைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்து அடுத்த நாள் நனைப்பாள். பிறகு இன்னொரு நாள். பிறகு நனைந்தது. பிறகு காய்ந்தது. கோடைக்காலம் முடியும்போது நான் பிளாஸ்ரிக்கை மடித்து அலுமாரிக்கு மேலே போட்டேன்.

வேலையில்தான் எனக்குக் கஷ்டம். ஆவிப் பெட்டியை அழுத்தும் நேரமெல்லாம் அது "ஷ்ஷ்ஷ்" என்கிறது. பஸ் கதவு திறந்தாலும் அதுதான். குளிர் தொடங்கினதும் வீட்டு ஹீற்றரும் அதைத்தான் சொல்கிறது. முன்னமும் சொல்லிக்கொண்டுதானே இருந்தது, நான்தான் கேட்கவில்லை. படத்தைக் காட்டினால் மெலனி அம்மா என்கிறாள், நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியால் சொல்கிறாள். அந்தச் சத்தம் ஒருவரும் சொல்லிக்கொடுக்காதது. அது நீ அவளுக்குள் வைத்துவிட்டுப் போனது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு மறக்கப் பண்ணுகிறேனே என்று நினைக்கும்போது அந்த வெள்ளை விரிப்பிலேயே முகத்தைத் துடைப்பேன்.

கிளாரா மச்சாளுக்கு நானே ரெலிபோன் எடுத்தேன்.

"மச்சாள், பிள்ளை இங்கயே நிக்கட்டும். பள்ளிக்கூடமும் பக்கத்தில பாத்திட்டன்."

"ஏன், நனைக்கிறதை நிப்பாட்டிப் போட்டாளாமே? இப்பதானே எனக்கும் கூட்டிக்கொண்டு வர வசதி!"

"நனைச்சிருந்தாலும் விட்டிருக்க மாட்டன், மச்சாள்."

"ஓ, இப்ப சொல்லுவியள். ஏலாது எண்டு சொன்னதும் நீங்கதானே."

"ஓம், சொன்னனான். களைச்சுப்போய்ச் சொன்னனான். இப்பவும் களைப்புத்தான், ஆனா விடமாட்டன்."

"சரி, அப்ப ஞாயிற்றுக்கிழமையில எண்டாலும் கொண்டுவந்து காட்டுங்கோ, என்ர தம்பியின்ர பிள்ளை எல்லோ" என்றா. குரல் இறங்கியிருந்தது. நானும் ஓம் என்றேன். அவவும் உன்னை இழந்தவதானே.

அன்ரனுக்குச் சொன்னபோது அவன் போய் மெலனிக்கு ஒரு புதுக் கட்டில் வாங்கிக்கொண்டு வந்தான். அதைப் பூட்டுகிறேன் என்று இரண்டு ஆணியைத் துலைத்துவிட்டு, இரவு முழுக்க நிலத்தில் தவழ்ந்து தேடினான். மெலனி அவன் முதுகில் ஏறி இருந்தாள்.

இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டிலிருந்து நடை தூரம்தான். இருமல் காய்ச்சல் வந்தால் இன்னும் ஒரு நாள் நனைகிறது. விடிய வந்து என் தோளைத் தட்டி, "பெரியம்மா, பிசகிப்போச்சு" என்பாள். தானே விரிப்பை உருவிக்கொண்டு வருவாள். அழுவதில்லை. குளிக்கிற தொட்டிப் பக்கம் போவதுமில்லை.

போன கிழமை ஒன்று நடந்தது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். படுக்க முன்னம் கக்கூசில் இருத்திச் சத்தம் போட்டேன். இப்போது சத்தமே தேவையில்லை, ஆனால் அவளுக்கு அது விருப்பம், எனக்கும் விருப்பம். முடிந்தது. இறங்கச் சொன்னால் இறங்குகிறாள் இல்லை. காலை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள்.

"இறங்கன், ஆரைப் பாத்துக்கொண்டு இருக்கிறாய்?"

"பேந்து அம்மா ஒண்டு சொல்லுவா."

உன்னைப் பற்றி அவள் தானாகச் சொன்ன முதல் கதை அது.

"என்ன குஞ்சு சொல்லுவா?"

"தெரியா. முடிஞ்ச பிறகு சொல்லுவா. சொல்லிப்போட்டு இறக்குவா."

கெட்டிக்காரி என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டி இல்லை என்றாள். என்ர தங்கம் என்றேன். இல்லை. என்ர ராசாத்தி. இல்லை. போச்சுது போச்சுது. இல்லை. பிராவோ என்றுகூடச் சொன்னேன். "அது பள்ளிக்கூடத்தில சொல்லுறது" என்று சிரித்தாள். கடைசியில் தானே இறங்கிப் போய்ப் படுத்துவிட்டாள். நான்தான் அங்கேயே குந்திக்கொண்டு இருந்தேன். சனிக்கிழமை அன்ரனைக் கேட்டேன். "எனக்கெப்படி அக்கா தெரியும், அந்த நேரம் நான் ரோட்டில எல்லோ நிப்பன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ச் சிகரெட்டைப் பற்ற வைத்தான்.

ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் சொல்லைச் சொல்லிப் பார்க்கிறேன், சூட்டி. அவளும் ஒவ்வொரு நாளும் காத்துக்கொண்டுதான் இருக்கிறாள், முந்தின நாளைவிடக் கொஞ்சம் குறைவாக. அவளை நான் ஒருவரிடமும் விடமாட்டேன். எனக்கு எவ்வளவு அலுத்தாலும் விடமாட்டேன். நனைத்தால் தோய்ப்பேன், காய்ந்தால் பேசாமல் இருப்பேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு, பத்திரிகையில் நாலு பேர் பார்க்கத் தருகிறேன். அவள் கேட்கிறதை விட்டுவிட முன்னம் அந்தச் சொல்லையும் தேடிப் பிடித்துவிட வேண்டும் என்றுதான் பார்க்கிறேன். உன்னைத் தவிர வேறு யாரைக் கேட்பது?

முடிந்த பிறகு, இறக்கிவிட முன்னம், நீ அவளுக்கு என்னடி சொல்லுவாய்?

உன் பிள்ளைக்குப் பெரியம்மா,
உனக்கு எப்போதும் அக்கா.